பின்வாசல் தெரு: காரைக்குடியில் ஒரு கல்யாண வாரம்

ஞாயிறு

செட்டிநாட்டு வீடுகளைப் படம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் முகப்பில்தான் நிற்கிறார்கள். செதுக்கிய நிலைக்கதவு, அதற்கு மேலே கஜலட்சுமி, இரு பக்கமும் திண்ணை, உள்ளே பர்மாத் தேக்குத் தூண்கள். எனக்கு வாய்த்தது பின்வாசல். நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஓட்டு வீடு, அப்படிப்பட்ட பெரிய வீடு ஒன்றின் புறக்கடைக்கு நேர் எதிரில் இருக்கிறது. இந்த ஊரில் பெரிய வீடு என்றால் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள வளவு, சாப்பாட்டுக்கான இரண்டாம் கட்டு, அடுப்படி உள்ள மூன்றாம் கட்டு என்று வரிசையாகப் போய், கிணற்றடியில் வந்து நிற்கும். முன்தெருவில் இருப்பவர்கள் பார்ப்பது வீட்டின் கௌரவத்தை. நாங்கள் பார்ப்பது அதன் சாம்பலையும் பாத்திரத்தையும்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வரி: நான் பினாங்குக்காரன். துறைமுகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றேன். பல்கலைக்கழகத்தில் படிக்கச் சேர்ந்த மகளுக்குத் துணையாகக் காரைக்குடி வந்தேன். அவள் காலையில் புறப்பட்டுப் போனதும், பசியாறிவிட்டு வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பதுதான் என் உத்தியோகம்.

சுற்றுலாக் கட்டுரைகள் இந்த வீடுகளை உறங்கும் மாளிகைகள் என்று எழுதுகின்றன. எழுதுகிறவர்கள் காலை ஆறரை மணிக்கு எங்கள் தெருவுக்கு வரவேண்டும். எதிர் வீட்டுக் காவல்காரர் சாவிக் கொத்தோடு வருவார். அவர் மனைவி துடைப்பத்தோடு பின்னால் வருவார். ஜன்னல்களை ஒரு பக்கம் திறந்து, மறுபக்கம் போவதற்குள் புறாக்கள் உள்ளே நுழைந்துவிடும். அவற்றைத் துரத்துவது, வௌவால் எச்சத்தைத் தேய்ப்பது, கரையான் ஏறிய நிலைக்கு மருந்து வைப்பது, சாமி அறையில் விளக்கேற்றுவது, மறுபடி எல்லாவற்றையும் சாத்துவது என்று பத்து மணி ஆகிவிடும். ஆள் இல்லாத வீட்டில் இத்தனை வேலை இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்த வீட்டில் ஆண்டு முழுதும் குடியிருப்பவர் ஒரே ஒருவர்: தன் பங்கு அறையில், எண்பதைத் தாண்டிய ஆச்சி.

இன்று சாத்தவில்லை. காலையிலேயே வெள்ளையடிப்பவர்கள் ஏணியோடு வந்துவிட்டார்கள். வரும் வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை சென்னையில் வேலை பார்க்கிறாராம், பெண் சிங்கப்பூர். இருவருக்கும் இந்த ஊரில் வேலை ஒன்றும் கிடையாது. ஆனால் கல்யாணம் மட்டும் இங்கேதான்.

திங்கள்

கத்திரி இன்னும் முடியவில்லை. பினாங்கிலும் வெயில் உண்டு. ஆனால் அங்கே சாயங்காலத்தில் ஒரு மழை வந்து கணக்கைத் தீர்த்துவிடும். சட்டை எந்நேரமும் பிசுபிசுவென்று முதுகில் ஒட்டும். இங்கே வியர்வை தோலில் தங்குவதே இல்லை, காய்ந்து உப்பாகிவிடுகிறது. துவைத்துப் போட்ட வேட்டி, நான் பேப்பரின் தலையங்கத்துக்கு வருவதற்குள் விறைத்துவிடும்.

ஊர் இந்த வெயிலோடு சண்டை போடுவதில்லை. ஐந்து மணிக்குக் கோலம், ஆறு மணிக்கு டீக்கடையில் கூட்டம், பத்து மணிக்குள் காய்கறி, மீன் எல்லாம் முடிந்துவிடும். மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு வரை பல கடைகளின் கதவு பாதி இறங்கியிருக்கும். உள்ளே முதலாளி பாயில் படுத்திருப்பார். அந்த நேரத்தில் பொருள் கேட்டுப் போகிறவன் வெளியூர்க்காரன் என்று அர்த்தம். ஆறு மணிக்கு மேல் கல்லுக்கட்டியிலும் செக்காலை ரோட்டிலும் நடக்க இடம் இருக்காது. ஊர் முழுவதும் அப்போதுதான் விடிந்ததுபோல் முகம் கழுவிப் பவுடர் பூசிக்கொண்டு வந்து நிற்கும்.

காரைக்குடிக்காரர்களிடம் எதைக் குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வார்கள், தண்ணீரை மட்டும் சொல்லக் கூடாது. சம்பை ஊற்றுத் தண்ணீருக்கு ஈடாக எந்த ஊரிலும் கிடையாது என்பது இங்கே விவாதத்துக்கு அப்பாற்பட்ட விஷயம். குழாயில் அது எப்போது வரும் என்பதுதான் விவாதத்துக்கு உரியது. எங்கள் தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் இரவிலேயே வரிசையில் உட்கார்ந்துவிடும். காலையில் அவற்றின் சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

இன்று மகளுக்கு மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க டவுன் பஸ்ஸில் போனேன். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. அதனால் பஸ்ஸில் நான்தான் சிறுபான்மை. பள்ளத்தூரிலிருந்து பூ கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்புகிறவர், கோட்டையூரில் வீட்டு வேலைக்குப் போகிறவர், வங்கியில் நகையைத் திருப்பப் போகிறவர் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டு வந்தார்கள். நகை விஷயத்தை மொத்த பஸ்ஸும் கேட்டு ஆலோசனை சொன்னது.

கல்லூரிச் சாலையில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தாண்டிப் போகவேண்டும். அதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். டில்லியோ கல்கத்தாவோ கேட்டுவாங்கியிருக்க வேண்டிய ஒன்றை இந்தக் கள்ளிக்காட்டுக்குக் கொண்டுவந்தவரின் சம்பாத்தியத்தில் மலாயா ரப்பரும் உண்டு. என் தாத்தா கெடாவில், சுங்கைப்பட்டாணிப் பக்கம் ரப்பர் மரம் சீவியவர். வேறு தோட்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த மதில் சுவரைக் கடக்கும்போது எனக்கும் அதில் ஒரு செங்கல் உண்டு என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொல்வதில்லை.

செவ்வாய்

பங்காளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பல்லவன் எக்ஸ்பிரஸில் நேற்று இரவு வந்த கும்பல் ஒன்று, திருச்சி விமான நிலையத்திலிருந்து வேனில் வந்த கும்பல் ஒன்று. காவல்காரருக்கு இன்று சாவிதான் வேலை.

அந்த வீட்டின் சாவி விவகாரம் எனக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர் அல்ல. கட்டியவரின் பிள்ளைகளுக்கு வளவில் ஆளுக்கொரு அறை. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு அந்த அறையில் பங்கு. இப்போது பங்குக்காரர்கள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறியிருக்கிறார்கள். அறைகள் அவரவர் பூட்டில் இருக்கும். வளவு, முகப்பு, கிணறு பொது. ஒரு ஓடு மாற்றவேண்டும் என்றாலும் பொது. ஓட்டுக்கு ஆகும் செலவைவிட அதைப் பற்றிப் பேசும் டெலிபோன் செலவு அதிகம் என்பார் காவல்காரர்.

"அண்ணே, இந்த வீட்டில் பெருக்குவது சுலபம். சம்மதம் வாங்குவதுதான் கஷ்டம்."

சம்மதம் கூடிவிட்ட வீடுகள் எங்கே போகும் என்பதை முனீஸ்வரன் கோயில் தெருவில் பார்க்கலாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அங்கே போனேன். பிரிக்கப்பட்ட வீடுகளின் தூண்கள் கடைகளின் வெளியே அடுக்கிக் கிடக்கின்றன. நிலைக்கதவுகள் சுவரில் சாத்தியிருக்கின்றன, அவற்றுக்குப் பின்னால் வீடு இல்லை. பெல்ஜியம் கண்ணாடி, பித்தளை அண்டா, மரப்பெட்டி, ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த, எனாமல் பூசிய மங்குச் சாமான்கள். நீலப் பூப்போட்ட ஒரு மங்குத் தூக்கைக் கையில் எடுத்தேன். மூடியின் உட்புறத்தில் விலாச எழுத்துகள் பொறித்திருந்தார்கள்: யார் வீட்டுப் பெண்ணுக்கு வந்த சீர் என்று தெரிவதற்காக. கடைக்காரர் சொன்ன விலையில் பினாங்குக்கு ஒருவழி டிக்கெட் வாங்கலாம். வைத்துவிட்டு வந்தேன்.

செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்த்தார்கள். அதன் பிறகு படம் எடுக்க வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் விற்பனையும் குறைந்ததாகத் தெரியவில்லை.

டீக்கடையில் ஒரு பெரியவர் நான் எந்த ஊர் என்று கேட்டார். பினாங்கு என்றதும், "தண்ணீர்மலைப் பக்கமா?" என்றார். அவர் பினாங்கைப் பார்த்ததே இல்லை. அவருடைய பெரியப்பா பெயர் தண்ணீர்மலை. எங்கள் ஊர்த் தண்ணீர்மலையில் இருக்கும் தண்டாயுதபாணிக்கு நேர்ந்து வைத்த பெயர். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு வீதியிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் கதையை அவர் எனக்குச் சொன்னார். ஆண்டுதோறும் அந்த ரதத்துக்குத் தேங்காய் உடைத்த நான், வாயை மூடிக்கொண்டு கேட்டேன். நன்றாகவே சொன்னார்.

புதன்

இரண்டாம் கட்டில் ஏழெட்டுத் தரைக்கற்கள் உடைந்திருந்தன. பந்தி போடும் இடம். காவல்காரர் ஒரு துண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, ஜோடி பார்த்து வாங்க ஆத்தங்குடிக்குப் புறப்பட்டார். நானும் அவர் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டேன். போகிற வழியெங்கும் செம்மண், பனை, ஊரணி. பல ஊரணிகளில் தண்ணீர் படிக்கட்டின் அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

ஆத்தங்குடிப் பட்டறை என்றால் ஒரு நீளக் கொட்டகை, ஈர மணல் வாடை, கண்ணாடிச் சதுரங்கள். அவ்வளவுதான். இயந்திரம் கிடையாது, சூளையும் கிடையாது. நெற்றியில் துண்டு கட்டிய ஒருவர் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். முன்னால் ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் தகட்டால் வளைத்த பூ அச்சு. சிறு கரண்டியால் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றினார்: இதழுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், மூலைகளுக்குப் பச்சை. கை நடுங்கவில்லை, அளவு பார்க்கவும் இல்லை. அச்சை நேர்மேலே தூக்கினார். நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நின்றன, கலக்கவில்லை. உடனே உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியை மேலே சலித்துத் தூவினார். அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. பிறகு சாந்தை அள்ளிப் போட்டு, கொத்தனார் கரண்டியால் அழுத்தி வழித்து, சட்டத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவர் செய்ததெல்லாம் கல்லின் பின்பக்கம்தான். முகம் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கிறது. ஒரு நாள் காய்ந்து, பல நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயிலில் உலர்ந்த பிறகு கண்ணாடி பிரிந்துவரும்போதுதான் அந்தப் பூவை அவரே பார்ப்பார். பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. பாலிஷ் எதுவும் போடுவதில்லை.

"மிதிக்க மிதிக்கத்தான் பளபளக்கும். பூட்டி வைத்த வீட்டில் மங்கிவிடும்" என்றார். கல்யாணத்துக்குள் செய்து தர முடியுமா என்று காவல்காரர் கேட்டதற்குச் சிரித்தார். ஊறவே பல நாள் ஆகும். இருப்பில் இருந்த கற்களில் ஒன்று எங்கள் துண்டோடு ஏறத்தாழப் பொருந்தியது. சிவப்பு மட்டும் ஒரு படி தூக்கல். "இலை போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்று காவல்காரர் முடிவெடுத்தார். இதற்கு மட்டும் யாருடைய சம்மதமும் கேட்கவில்லை.

வியாழன்

சமையல் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். பின்வாசல் தெருவுக்கு இதுதான் பெரிய நாள். லாரியில் விறகு வந்தது. அண்டாக்கள் கிணற்றடியில் கவிழ்ந்தன. மேஸ்திரி காலை நான்கு மணியிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறார். வாசலில் உட்கார்ந்திருந்த என்னையும் ஒரு முறை வேலையாள் என்று நினைத்து, தேங்காய் மூட்டையைத் தள்ளி வைக்கச் சொன்னார். வைத்தேன்.

அடுப்படிக்குள் போக எனக்கு அனுமதி வாங்கித் தந்தவர் ஆச்சி. வெள்ளைச் சேலை, காதில் ஒன்றும் இல்லை, குரல் மட்டும் அறை அறையாகக் கேட்கும். மேஸ்திரி அந்தக் குரலுக்குத்தான் பயப்படுகிறார்.

"தம்பி, நிற்கிறாயே, அந்த மணையில் உட்கார்" என்றார். நான் அறுபதைத் தாண்டியவன். இந்த ஊரில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஒருவர் இருப்பது நல்லதுதான்.

வெள்ளைப் பணியாரத்துக்குப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சரிசியை உழக்கில் நிரப்பி, அதன் தலையில் கோபுரமாகக் குவிகிற அளவுக்குத்தான் உளுந்து. இரண்டையும் ஊறவைத்து, வெண்ணெயாக அரைத்து, பால் விட்டுத் தளர்த்துவார்கள். மேஸ்திரி ஒரு குழிக்கரண்டி மாவை எண்ணெயில் ஊற்றினார். அடியில் போன மாவு மேலே வந்து, வட்டமாகி, நடுவில் மெல்லப் பொங்கியது. திருப்பிப் போட்டுச் சிவக்குமுன் எடுத்துவிட்டார். ஆச்சி அதைப் பிட்டுப் பார்த்து, வாயில் வைக்காமலே, "உளுந்து தூக்கல். எண்ணெய் குடித்திருக்கிறது" என்றார். மேஸ்திரி மாவில் அரிசி மாவைக் கூட்டினார். அடுத்ததும் தள்ளப்பட்டது. அதற்கு அடுத்ததை ஆச்சி வரமிளகாய்ச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மேஸ்திரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தள்ளுபடியான இரண்டும் எனக்கு வந்தன. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இன்னொரு அடுப்பில் கவுனி அரிசி. முந்தைய நாளே ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறுவார்கள். கறுப்பும் ஊதாவுமாக இருக்கும். பினாங்கில் இதையே கஞ்சியாகக் காய்ச்சித் தேங்காய்ப்பால் ஊற்றி, தள்ளுவண்டியில் விற்பார்கள். பத்து வயதில் சட்டையில் சிந்தி அடி வாங்கியிருக்கிறேன். இங்கே அது பர்மாவிலிருந்து வந்து, கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு ஏறிவிட்டது. சரக்கு எங்கிருந்து வந்தாலும் நெய் ஊற்றித் தனதாக்கிக்கொள்வது இந்த ஊரின் வழக்கம் போலும்.

ஆச்சியின் அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிற்க, தொழில் செய்யப் போனவர். மூன்று ஆண்டு தவணை. போய்விட்டு வருவார், சில மாதம் இருப்பார், மறுபடி போவார். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது காட்டு வழியாக நடந்து வந்து சேர்ந்தாராம். "வந்தவரை யார் என்று கேட்டேன். எனக்கு மூன்று வயது. கேட்கமாட்டேனா?" என்றார். விட்டுவிட்டு வந்த நிலத்தையும் கடைகளையும் பிறகு பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆனால் ஆச்சி அதற்காக வருத்தப்பட்டுப் பேசவில்லை. இந்த வீட்டை அந்தக் காலத்திலும் நடத்தியவர்கள் பெண்கள்தான், கணக்குப் பார்த்தவர்களும் பெண்கள்தான் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆண்கள் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. ஆக, இந்த வீடுகள் காலியானது நேற்று முந்தாநாள் அல்ல. கட்டிய நாளிலிருந்தே இவை வெளியூரில் இருப்பவர்களுக்காகத் துடைத்து வைக்கப்பட்டவை. துடைக்கிற கை மட்டும் மாறியிருக்கிறது.

வெள்ளி

கல்யாணத்தை நான் பின்னாலிருந்து பார்த்தேன். முன்பக்கம் நாதஸ்வரம் கேட்டது. பின்பக்கம் கேட்டது, "சட்னி எங்கேடா?"

விடியற்காலையில் நகரக் கோயில் மாலைகள் வந்தன. நகரத்தாருக்கு, அதாவது இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்களுக்கு, ஒன்பது நகரக் கோயில்கள் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒன்றைச் சேர்ந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கு இளையாத்தங்குடி, பெண் வீட்டுக்குப் பிள்ளையார்பட்டி. அந்த மாலைகள் வந்தால்தான் அது ஊர் அறிந்த கல்யாணம். சிங்கப்பூரில் பிறந்த பெண்ணின் பெயரும் இனி கோயில் கணக்கில் மாப்பிள்ளையோடு சேர்ந்து ஒரு புள்ளியாக ஏறும். மாலையை எடுத்துவந்தவர் பின்வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, முதலில் டீ கேட்டார்.

ஏழு மணிக்குப் பந்தி ஆரம்பித்தது. கவுனி அரிசி, வெள்ளைப் பணியாரம், இட்லி, இடியாப்பம், கோசுமல்லி. ஆத்தங்குடியிலிருந்து வந்த சிவப்புத் தூக்கலான கற்களின் மேல் சரியாக இலை விழுந்தது. காவல்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவர் அன்று புது வேட்டி கட்டியிருந்தார். திருப்பூட்டும் நேரத்தில், அதாவது தாலி கட்டும் நேரத்தில், ஆச்சி என்னை முன்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். பெண்ணின் கழுத்தில் கழுத்துரு என்கிற கல்யாண நகை. படத்தில் பார்ப்பதைவிடக் கனமானது. அந்தக் குழந்தை தலையைத் தூக்கக் கொஞ்சம் சிரமப்பட்டது. வளவில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தும் வெக்கை தெரியவில்லை. சுவரில் கை வைத்தேன்: சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்ந்த பழைய பூச்சு, கத்திரியிலும் சில்லென்று இருந்தது. புதிதாக வெள்ளையடித்தவர்கள் நல்லவேளையாக அந்தச் சுவரைத் தொடவில்லை.

சனி

எல்லோரும் போய்விட்டார்கள். போன வேகத்தைப் பார்த்தால், ஊரில் ஏதோ தொற்றுநோய் என்று நினைத்திருப்பார்கள். வேன்கள் முன்தெருவில் வரிசையாக நின்றன. மதியத்துக்குள் வளவில் சத்தம் இல்லை.

போனவர்கள் வெறுங்கையாகப் போகவில்லை. தேன்குழல், மாவுருண்டை, சீப்புச் சீடை, அதிரசம், ஊறுகாய், மிளகாய் வற்றல் எல்லாம் டப்பாக்களில். வேனில் இடம் போதாதவை கூரியரில். இந்த ஊரில் பலகாரக் கடைகளும் கூரியர் அலுவலகங்களும் அருகருகே இருப்பதன் காரணம் இன்று புரிந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் பெண்கள் முறுக்குச் சுற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு காலத்தில் ஆண்கள் போய்ப் பணம் அனுப்பினார்கள். இப்போது இங்கிருந்து அங்கே சீடை போகிறது. 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவு திறந்தது: சென்னை, ரங்கூன், காரைக்குடி. இன்று அந்த இடத்தில் ஒரு கூரியர்காரர் இருந்தால், டல்லாஸையும் சேர்த்துக்கொள்வார்.

காவல்காரர் மனைவி வளவைக் கழுவிவிட்டார். அண்டாவில் மிஞ்சிய சாதம் எங்கள் தெருவில் பங்கு பிரிந்தது. எனக்குக் கிடைத்தது வெண்டைக்காய் மண்டி, அரிசி களைந்த தண்ணீரில் புளியும் மொச்சையும் போட்டு வைப்பது. மகள் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாள்.

சம்பளம் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். இத்தனை பெரிய வீட்டைக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிற குடும்பம், அதே தெருவின் கோடியில் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு படுக்கிறது. உள்ளே காற்று ஓடுகிற வளவு பூட்டிக் கிடக்கிறது. ஏன் உள்ளே படுக்கக் கூடாது என்று கேட்டேன். "கேட்டால் தருவார்கள் அண்ணே. ஆனால் எத்தனை பேரிடம் கேட்பது?" என்றார்.

ஞாயிறு

காலையில் காவல்காரர் போனோடு வந்தார். இரண்டாம் கட்டுக்கும் மூன்றாம் கட்டுக்கும் நடுவே உள்ள சுவரில் விரிசல் கண்டிருக்கிறது. கல்யாண விறகை அடுக்கியபோதோ, அதற்கு முன்போ தெரியாது. ஐப்பசி மழைக்கு முன் பார்க்காவிட்டால் ஓடும் சேர்ந்து இறங்கும் என்கிறார் கொத்தனார். பங்காளிகளுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் காவல்காரரையும் சேர்த்திருக்கிறார்கள். அவருக்குப் படிக்க வரும், எழுதினால் கோபமாக வந்துவிடும் என்று பயம். துறைமுகக் கணக்கர் என்ற மரியாதையில் என்னை எழுதச் சொன்னார்.

விரிசலைப் படம் எடுத்து, நீளம், அகலம், கொத்தனார் சொன்ன தொகை எல்லாவற்றையும் நான்கு வரியில் எழுதி அனுப்பினோம். பிறகு டீ குடித்தோம். ஆச்சிக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தார். குழுவில் அவரும் இருக்கிறார், ஆனால் போன் அணைத்துப் பெட்டியில் இருக்கிறது.

மதியத்துக்குள் பதில்கள் வந்தன. மூன்று பேர் கும்பிடும் கை. ஒருவர், கல்யாணம் சிறப்பாக நடந்ததற்கு எல்லோருக்கும் நன்றி. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் தன் பங்குத் தொகையை உடனே அனுப்பிவிட்டார். அவர் எப்போதும் இப்படித்தானாம். சிங்கப்பூரிலிருந்து ஒரு கேள்வி: "அந்தச் சுவர் பொதுவா, கிழக்குப் பங்கில் வருகிறதா?" அதற்குக் கீழே சென்னைக்காரர்: "மேற்குப் பங்கு என்றுதான் அப்பச்சி சொல்லியிருக்கிறார்கள்." அதற்கு அமெரிக்காவிலிருந்து, அங்கே நள்ளிரவு, ஒரு பழைய பாகப்பத்திரத்தின் மங்கலான படம்.

பாகப்பத்திரத்தில் அடிக்கணக்கு இருக்கிறது. கிணற்றிலிருந்து அளக்க வேண்டுமாம். கொத்தனாரிடம் நூறடி டேப் இருக்கிறது. நாளை காலை வெயில் ஏறுவதற்குள் ஒரு முனையை நான் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.